ஓவசியர் பார்த்த இத்தாலி

இத்தாலி தேசத்துக்கு இரண்டாம் முறை போய்வரும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் எமக்குக் கிடைத்தது. முதன்முறை 2012இல் நண்பர்களுடன் சென்றோம். எட்டு நாட்களில் நான்கு நகரங்கள். ஏறத்தக்க படிகளெல்லாம் ஏறினோம். படம் பிடிக்கத்தக்கனவெல்லாம் பிடித்தோம். இம்முறை எம்முடன் வந்தவர் எமது தகப்பனார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால்கள் இரண்டும் சொற்கேளா. "இந்த வயதில் மனுசனை ஏன் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறாய்?" என்று உறவினர் பலர் எம்மைக் கடிந்துகொண்டனர். ஐயா அவர்களுக்கு மறுமொழி எதுவும் சொல்லவில்லை. பெட்டி அடுக்கும்போது தமது பழைய மடக்கு அடிமட்டத்தை உடுப்புகளுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

ஐயா அரசாங்கக் கட்டட வேலைகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓவசியராக இருந்தவர். பள்ளிக்கூடங்கள், வைத்தியசாலை விடுதிகள், தபாற் கந்தோர்கள் என வடபகுதியில் அவர் மேற்பார்வையில் எழுந்தவை பல. அவற்றுள் இன்று நிற்பவை எத்தனை என்று அவர் சொல்லக் கேட்டதில்லை. யுத்த காலத்தில் எவை வீழ்ந்தன என்பதைப் பிறர் வாயிலாகவே அறிந்தோம். கட்டடம் என்றால் ஓயாது பேசும் மனிதர், தாம் கட்டியவற்றைப் பற்றி மாத்திரம் பேசமாட்டார். வீட்டில் எவரும் அதைக் கேட்பதுமில்லை.

முதலில் உரோமாபுரி. அந்நகரின் நடுவே பாந்தியன் என்னும் பழைய ஆலயம் இருக்கின்றது. ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 125ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. முகப்பிலே பொறிக்கப்பட்டிருக்கும் பெயரோ அக்கிரிப்பா என்பவருடையது. அவர் அதே இடத்தில் கிறிஸ்துவுக்கு முன் கட்டிய ஆலயம் அழிந்தபின், புதிதாகக் கட்டியவர் தம் பெயரைப் போடாது பழையவர் பெயரையே போட்டிருக்கிறார். இதைக் கேட்டதும் ஐயா, "எங்கடை பக்கத்திலே வாசிற்படி கட்டினவனும் பேர் பொறிப்பான்," என்றார்.

முன்மண்டபத்தில் பதினாறு கருங்கற் றூண்கள். எகிப்து தேசத்தில் வெட்டி, நைல் நதியிலும் கடலிலும் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 மீற்றர் உயரமான ஒரே கல். நாம் அவற்றின் பருமனைக் கண்டு வியந்து நிற்க, ஐயா தலையை நிமிர்த்தித் தூண்களின் உச்சியை ஒவ்வொன்றாக நோக்கி வந்தார். ஆலயத்தை நோக்கி நிற்பவருக்கு இடப்புறமாக உள்ள மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கத்திலே கை வைச்சிருக்கிறாங்கள். செதுக்கு வேலை வேறை."

அவர் சொன்னது சரியே. அந்தப் பக்கத்துத் தூண்கள் மூன்று பழுதுற்று இல்லாமற்போக, 17ஆம் நூற்றாண்டில் எட்டாம் உர்பன் என்ற பாப்பரசர் ஒன்றையும், அவருக்குப் பின்வந்த ஏழாம் அலெக்சாந்தர் இரண்டையும் நிறுத்தினர். உர்பன் நிறுத்திய தூணின் தலைப்பிலே அவர் குடும்பச் சின்னமாகிய தேனீ செதுக்கப்பட்டிருக்கின்றது. இதே பாப்பரசர்தான் முன்மண்டபக் கூரையிலிருந்த வெண்கலத்தைக் கழற்றி உருக்குவித்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையால் எடுத்தார், மறு கையால் வைத்தார்.

உள்ளே நுழைந்தால், தலைக்கு மேலே குவிமாடம். அதன் குறுக்களவு 43.3 மீற்றர். தரையிலிருந்து உச்சித் துவாரம் வரையுள்ள உயரமும் அதுவே. ஆதலால் முழுப் பந்து ஒன்றை இக்கட்டடத்துக்குள் அடக்கலாம். கணிதம் கற்கும் மாணவர்கள் காகிதத்தில் வரைந்து பார்ப்பாராக. கம்பி இல்லாத கொங்கிறீற்றினாலான குவிமாடங்களுள் உலகில் இன்றுவரை பெரியது இதுதான். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்த சாந்திலே, அடிப்பாகத்துக்குப் பாரமான கல்லும், மேலே செல்லச் செல்ல இலேசான கல்லும், உச்சியை அண்டி நுரைக்கல்லும் கலந்து வார்த்திருக்கின்றனர். அடியிலே 6 மீற்றருக்கு மேற்பட்ட சுவர்த்தடிப்பு உச்சியில் 1.2 மீற்றராகக் குறைகின்றது.

கம்பி இல்லை என்பதுதான் ஐயாவின் உள்ளத்தைப் பிடித்தது. கடற்காற்று வீசும் ஊரில் வேலை செய்தவர் அவர். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்கச் செய்வதை எத்தனையோ கட்டடங்களிற் கண்டிருக்கிறார். "கம்பி போட்டபடியால் நாங்கள் மெல்லிசாக் கட்டினம். கம்பி போட்டபடியால்தான் அது ஐம்பது வருசத்திலே வெடிக்குது," என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டார். பின்னர் உச்சித் துவாரத்தால் விழும் மழைநீர் எங்கே போகின்றது என்று தேடத் தொடங்கினார். தரை நடுவில் சற்று உயர்ந்து ஓரமாகச் சரிகின்றது; பளிங்கிலே சிறு துளைகள் 22 உண்டு. மற்றோரெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஐயா ஒருவர் மாத்திரம் குனிந்து துளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

உரோமரின் எத்தனையோ கட்டடங்கள் சிதைந்து போகவும் இது கூரையோடு நிற்பதற்குக் காரணம் அதன் உறுதி மட்டுமன்று. 609ஆம் ஆண்டில் போக்காஸ் என்னும் சக்கரவர்த்தி இதனை நான்காம் பொனிபாஸ் பாப்பரசருக்குக் கொடுக்க, அவர் இதைக் கிறிஸ்தவ தேவாலயம் ஆக்கினார். அன்று தொட்டு இதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். கூரை ஒழுகினால் பார்க்க ஆள் இருந்தது. சொந்தக்காரர் இல்லாத கட்டடங்களின் பளிங்கைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

அந்த வேறுபாட்டைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. கி.பி. 80இல் திறந்துவைக்கப்பட்ட கொலோசியம் என்னும் மாபெரும் அரங்கின் தென்பாகம் 1349ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் வீழ்ந்தது. வீழ்ந்த கல்லை ஊரார் அள்ளிச் சென்று மாளிகை கட்டினர். கற்களைப் பிணைத்திருந்த இரும்பையும் தோண்டி எடுத்தனர். அத்துளைகளை அம்மைத் தழும்பு போலச் சுவரெங்கும் காணலாம். இவையெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்களில் உள்ளவையே. ஐயா எம்மை அழைத்துச் சென்று காட்டியது கிழக்குப் புறத்தே முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு செங்கற் சுவரை. பூமியதிர்ச்சியால் நிலை குலைந்து, வில்வளைவுகளின் கற்கள் கீழ்நோக்கி வழுகத் தொடங்கியிருந்த வேளையில், 1806 அளவில் ஸ்ரேண் என்ற கட்டடக்கலைஞர் அவ்வளைவுகளை அப்படியே செங்கல்லால் அடைத்துவிட்டார். கற்களை நேராக்க முயலவில்லை. விழப்போன கல் விழப்போன கோலத்திலேயே இருநூறு ஆண்டுகளாக நிற்கின்றது. "அவசர வேலை. ஆனால் நல்ல வேலை," என்றார் ஐயா. அவர் வாயில் இதனினும் பெரிய பாராட்டை நாம் கேட்டதில்லை.

உரோமாபுரியிலிருந்து புகையிரதமேறிப் புளோரன்ஸ் நகரை அடைந்தோம். இங்கேதான் ஐயாவின் முழங்கால்களுக்குச் சோதனை. அந்நகரத்துப் பேராலயத்தின் அத்திவாரம் 1296இல் இடப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கட்டியும், நடுவிலே ஏறத்தாழ 45 மீற்றர் அகலமுள்ள எட்டுப்பட்டை வெளியை எவ்வாறு மூடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மாடத்தைக் கீழிருந்து தாங்குவதற்கு மரச் சட்டம் அமைக்க, வேண்டிய மரமும் இல்லை, வகையும் இல்லை. 1418இல் போட்டி ஒன்று நடத்தினார்கள். பொற்கொல்லராகத் தொழில் பயின்ற புறுனெல்லெஸ்கி என்பவர், கீழிருந்து தாங்கு மரமே இல்லாமற் கட்டிக் காட்டுவேன் என்று முன்வந்தார். 1420இல் வேலை தொடங்கி 1436இல் மாடத்தை மூடி முடித்தார். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஓடுகள். அவற்றிடையே மேலே ஏறுவதற்குப் படிகள். படிகள் மொத்தம் 463. மின்தூக்கி கிடையாது.

முதன்முறை நாம் இப்படிகளில் ஏறியிருந்தோம். ஐயா படிவாசலை நோக்கினார். பின்னர் எதிரே இருந்த கற்றிண்ணையிற் போய் அமர்ந்தார். அவ்விடத்தில் புறுனெல்லெஸ்கியின் சிலை ஒன்று உண்டு. அவரும் அமர்ந்தபடியே, மடியில் வரைபடத்துடன், மாடத்தை அண்ணாந்து பார்க்கிறார். ஐயா சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து எம்மிடம் நீட்டினார்.

"நீ ஏறிப் போ. இரண்டு சுவருக்கும் இடையிலே செங்கல்லு எப்பிடி வைச்சிருக்கு எண்டு பார். ஒரு கல்லை அளந்துகொண்டு வா. வெடிப்பு இருந்தால் அதையும் பார்."

இவ்வாறு நாம் இத்தாலி தேசத்தின் புகழ்பெற்ற குவிமாடத்தைப் பரிசோதிக்க ஓவசியரால் அனுப்பப்பட்டோம். முன்னர் ஏறியபோது உச்சிக்குப் போய்ச் சேர்வதே நோக்கம். இப்பொழுது படிக்குப் படி நின்று சுவரைப் பார்த்தோம்; பின்னால் வந்தோர் முணுமுணுத்துக்கொண்டு எம்மைக் கடந்து சென்றனர். செங்கற்கள் வெறும் வரிசையாக இல்லை. படுக்கையாக வைத்த சில கற்களுக்கு ஒருமுறை ஒரு கல்லை நிமிர்த்தி வைத்திருக்கின்றனர். அந்நிமிர்ந்த கற்கள் வரிசைக்கு வரிசை சற்றே தள்ளித் தள்ளி, மீன்முள்ளைப் போன்ற அமைப்பாகச் சுழன்று மேலேறுகின்றன. சாந்து இறுகுமுன் உட்புறமாகச் சரிந்து விழக்கூடிய கற்களை இந்நிமிர்ந்த கற்கள் பிடித்து நிறுத்துகின்றன. அளந்தோம், கொப்பியில் வரைந்தோம். உச்சியிலிருந்து நகரத்தைப் பார்த்தது ஐந்து நிமிடம்தான். கீழே ஐயா காத்திருக்கிறார் என்ற நினைவு.

அவர் வரைபடத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒவ்வொரு சுற்றும் முடிய, அது தன்னைத்தானே தாங்கும். அப்ப முட்டு எதற்கு?" என்றார். அடுத்த கேள்வி வெடிப்பைப் பற்றியது. வெடிப்புகள் உண்டு. பன்னூறு ஆண்டுகளாகவே உள்ளவை. 1987 முதல் மாடத்தின் பல பாகங்களிலும் கருவிகள் பொருத்தி அவற்றின் அசைவை அளந்துவருகின்றனர் என்று சொன்னோம். "வெடிப்பு இருக்கிறது குற்றமில்லை. வளருதோ எண்டுதான் பாக்க வேணும். நாங்கள் குறுக்காலே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிடுவம். வெடிப்பு அசைஞ்சால் கண்ணாடி உடையும். உதுவும் அதுதான்," என்றார்.

ஆனால் புளோரன்சில் ஐயாவை எல்லாவற்றினும் கவர்ந்தது குவிமாடமன்று. ஆலயத்துக்குத் தெற்கேயுள்ள ஓர் ஒடுங்கிய தெருவில் இருக்கும் கல்வேலைப் பட்டடை. பேராலயத்தைக் கட்டுவதற்கென 1296இல் தொடங்கிய சபை இன்றும் கலைக்கப்படவில்லை. கட்டி முடிந்தபின் பராமரிப்பதே அதன் வேலை. கராராவின் வெண்பளிங்கு, பிறாத்தோவின் பச்சைக்கல், செந்நிறக்கல் ஆகியவற்றாலான வெளிச்சுவர் வெயிலிலும் மழையிலும் தேய்கின்றது. தேய்ந்த துண்டைக் கழற்றி, அதேபோற் புதிதாகச் செதுக்கிப் பொருத்துகின்றனர். அந்த வேலையைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

ஐயா அங்கே நின்றது முக்கால் மணி நேரம். முழங்கால் நோவைப் பற்றி அப்பொழுது ஒரு சொல்லும் இல்லை. உள்ளே ஒருவர் பூவேலைத் துண்டொன்றைப் பார்த்து அதன் படியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளியால் நாலு தட்டு, கவராயத்தால் ஓர் அளவு, மீண்டும் நாலு தட்டு. சற்று நேரத்தில் அவர் வெளியே வந்தார். அவருக்கு எமது பாஷை தெரியாது. ஐயாவுக்கு இத்தாலியம் தெரியாது. ஐயா அடிமட்டத்தை விரித்துக் காட்டினார். ஒரு புறத்தே அங்குலம் குறித்திருப்பதைக் கண்டு அம்மனிதர் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பின்னர் தமது கவராயத்தை ஐயாவின் கையிற் கொடுத்து, கல்லைக் காட்டி, அளக்கும்படி சைகை செய்தார். ஐயா அளந்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிரவு சாப்பாட்டு வேளையில் மாத்திரம், "எழுநூறு வருசமாகப் பழுது பார்க்கிறதுக்கெண்டே ஒரு கந்தோர்! எங்களுக்கு வருசக் கடைசியிலே வெள்ளையடிக்கத்தான் காசு வரும்," என்றார்.

பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, அறியாதார் யார்? அதன் கீழ் நின்று கோபுரத்தைத் தாங்குவதுபோலப் படம் பிடிப்போர் கூட்டம் 2012இல் இருந்தபடியே இன்றும் இருக்கின்றது. ஆயினும் அதை நிமிர்த்திய கதை மாணவர்களுக்குப் பயன்படும். 1173இல் தொடங்கிய கோபுரம் மூன்றாம் மாடி எழும்போதே சரியத் தொடங்கியது. இலேசான களிமண் நிலம். நூற்றாண்டுதோறும் சாய்வு கூடி, 1990 தை மாதத்தில் கோபுரத்தை மூடிவிட்டனர். உயர்ந்த வடபுறத்தின் மேல் ஈயப் பாளங்களை ஏற்றிப் பார்த்தனர். தென்புறத்தே 1995இல் செய்த ஒரு வேலையால் சாய்வு திடீரெனக் கூடி, நிபுணர்கள் நடுங்கிப்போயினர். ஈற்றில், சரிந்த பக்கத்தைத் தொடாமல், மற்றப் பக்கத்து அத்திவாரத்தின் கீழிருந்து சிறிது சிறிதாக மண்ணைத் துளையிட்டு எடுத்தனர். கோபுரம் தானாகவே அப்பக்கம் இருந்துகொண்டது. உச்சி ஏறத்தாழ 45 சதமமீற்றர் பின்வாங்கியது. 2001 மார்கழியில் மீளத் திறந்தனர். ஐயா புல்தரையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, "முழுக்க நிமிர்த்தியிருந்தால் ஒருத்தரும் வரமாட்டினம்," என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசியாக வெனிஸ். பாலந்தோறும் படிகள் உள்ள ஊர் அது. நீராவிப் படகின் பழைய பெயரால் இன்றும் அழைக்கப்படும் மோட்டார்ப் படகுகளிலேயே பெரும்பாலும் சென்றோம். சென்மார்க்குச் சதுக்கத்தில் நிற்கும் மணிக்கோபுரம் நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். மின்தூக்கி இருப்பதால் ஐயா உச்சி வரை ஏறக்கூடிய கோபுரம் இப்பிரயாணத்தில் இஃதொன்றே. ஏறுமுன் அதன் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். 1902 ஆடி 14ஆம் திகதி காலையில் பழைய கோபுரம் இருந்த இடத்திலேயே இடிந்து குவிந்தது. முன்னரே வெடிப்புக் கண்டு சதுக்கத்திலிருந்தோரை விலக்கியிருந்தமையால் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. அன்றே நகரசபையார் கூடி, இருந்தபடியே, இருந்த இடத்திலேயே கட்டுவதென்று தீர்மானித்தனர். 1903 சித்திரை 25இல் அடிக்கல் நாட்டி, 1912இல் அதே திகதியிலே திறந்துவைத்தனர். கோபுரத்தடியில் நசுங்கிப்போன சிறு பளிங்கு மண்டபத்தையும் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து எழுப்பினர். மணிகளுள் மிகப் பெரியது மாத்திரம் உடையாமற் கிடைத்தது. அது இன்றும் ஒலிக்கின்றது.

ஐயா அச்சிறு மண்டபத்தின் பளிங்கைக் கையால் தடவிப் பார்த்தார். பொருத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"இவங்களிட்டை பிளான் இருந்ததோ?"

பழைய கோபுரத்தின் அளவுகளும் படங்களும் இருந்தன என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, எம்மைப் பாராமல், "அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தின்ரை பிளான் என்னட்டை இருக்கு," என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று நாம் கேட்கவில்லை. அதன் பெயரை அறிவோம். 2010இல் அவ்வூருக்குப் போய்வந்தவர், ஒரு சுவர் நிற்பதாக அம்மாவிடம் மாத்திரம் சொன்னதையும் அறிவோம். "பிறகு புதிசாக் கட்டினவங்கள். நல்லாத்தான் கட்டியிருக்கிறாங்கள். ஆனால் ஆரும் வந்து என்னைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் குடுத்திருப்பன். வடக்குப் பக்கத்து யன்னல் ஆறும் காத்துக்கெண்டு நான் மாத்தி வைச்சது. பிள்ளையளுக்கு நல்ல காத்து வரும்."

முப்பது ஆண்டுகளில் அக்கட்டடத்தைப் பற்றி அவர் எம்மிடம் பேசியது அதுவே முதல். ஊர் திரும்பியதும் அந்த வரைபடத்தைப் பார்க்கலாமோ என்று கேட்டோம். "அலுமாரியின்ரை மேல்தட்டிலே குழலுக்குள்ளை கிடக்கு. பூச்சி அரிச்சுதோ தெரியாது," என்றார்.

பின்னர் மேலே ஏறினோம். காற்று வீசிக்கொண்டிருந்தது. கடல், காயல், தீவுகள், செவ்வோட்டுக் கூரைகள் எல்லாம் காலடியில் விரிந்து கிடந்தன. ஏனையோர் கடலைப் பார்த்தனர். ஐயா கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்து, மேற்கே ஒரு கோபுரத்தைச் சுட்டிக்காட்டினார். சென்ஸ்தேவான் ஆலயத்து மணிக்கோபுரம் அது. கண்ணுக்கு நன்றாகத் தெரியத்தக்கதாகச் சாய்ந்து நிற்கின்றது.

"அதை ஆர் பாக்கிறாங்கள் எண்டு கேள்."

மின்தூக்கியருகே நின்ற காவலாளியிடம் ஆங்கிலத்தில் கேட்டோம். அது தமது பாட்டனார் காலத்திலேயே அப்படித்தான் இருந்ததாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை ஐயாவுக்குத் தமிழிற் சொன்னோம்.

"அப்ப பாட்டன் காலத்திலேயே கண்ணாடி ஒட்டியிருக்க வேணும்," என்று சொல்லிவிட்டு, ஐயா மின்தூக்கியை நோக்கி மெல்ல நடந்தார்.